கேஷ்லெஸ் இல்லாத ஆஸ்பத்திரியின் பில்லைப் படித்து, கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கையில் ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறது. ஆனால் நீங்கள் நம்பிப் போகிற டாக்டரின் ஆஸ்பத்திரி எந்த இன்சூரன்ஸ் கம்பெனியோடும் சேரவில்லை. அதாவது, கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுகிற கேஷ்லெஸ் வசதி அங்கே இல்லை. "நாங்க இன்சூரன்ஸ் பார்க்கிறதில்ல, பணத்தைக் கட்டிட்டு நீங்களே வாங்கிக்கிடுங்க" என்று கவுண்டரில் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனி மேசையும் ஆளும் உண்டு. அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர், ஆலங்குளம் என்று போனால் பல நர்சிங் ஹோம்களில் அது கிடையாது. நல்ல வைத்தியம் கிடைக்கும், பில்லும் நியாயமாகவே இருக்கும். ஆனால் அந்த பில் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிற மாதிரி இருக்காது.

தனி மேசை உள்ள இடத்தில், பில் கம்பெனிக்குப் போகும் முன் அதை ஒருவர் வாசித்துச் சரிபார்க்கிறார். அது இல்லாத இடத்தில் அந்த வேலை முழுவதும் உங்களுடையது. தெருவிலும் உறவிலும் பலருக்கு இந்த பில்களைப் படித்து கிளைம் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) எழுதிக் கொடுத்து வருகிறேன். எல்லாரும் இடறுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றில் பெரும்பாலானவற்றை டிஸ்சார்ஜுக்கு முன்பு ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வீட்டுக்கு வந்த பிறகு என்றால், தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறி இறங்கியே அலுத்துப் போவீர்கள். அதனால் இங்கே வேலையின் வரிசைதான் முக்கியம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு இது பொருந்தாது. அது பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறுகிற திட்டம். அந்த அட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால், வெளியே பணம் கட்டும் முன், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசுப் பெரியாஸ்பத்திரியோ சரிப்படுமா என்று பாருங்கள். அரசு ஊழியர், ஓய்வூதியர் திட்டத்துக்கும் நடைமுறை வேறு. இங்கே சொல்வது சொந்தமாக எடுத்த பாலிசிக்கும், பிள்ளைகள் வேலை பார்க்கும் கம்பெனி வழியாக வரும் குரூப் பாலிசிக்கும்.

1. பாலிசியை எடுத்து இந்த வரிகளை முதலில் பாருங்கள்

ஆபரேஷன் நாள் குறித்தாயிற்று என்றால் முந்தைய வாரமே பாருங்கள். அவசரமாகச் சேர்த்தது என்றால் வீட்டில் இருக்கிற ஒருவர் அன்று இரவே பாருங்கள். பாலிசிப் புத்தகம் முழுவதையும் படிக்க வேண்டாம். முதல் பக்கத்து அட்டவணையில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எத்தனை சதவீதம், இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா, சேர்வதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் செலவு தருவார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அது முடியவில்லை என்றால் மற்ற தாள்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் கிளைம் செல்லாது.

அடுத்தது பெயர். நம் ஊரில் அதிகம் சிக்கல் தருவது இதுதான். பாலிசியில் 'சுப்பையா முத்துக்குமார்' என்று இருக்கும், ஆதாரில் 'முத்துக்குமார் சு', ஆஸ்பத்திரி ஓபி சீட்டில் வெறும் 'குமார்'. வாசலில் பெயர் கேட்கும்போது வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிடுகிறோம். அதுவே பில்லிலும் லேப் ரிப்போர்ட்டிலும் கடைசிவரை ஓடுகிறது. கம்பெனிக்குப் பார்த்தால் அவர்கள் மூன்று வேறு ஆட்கள். அட்மிஷன் ஃபாரம் எழுதும்போதே பாலிசி அட்டையை நீட்டி, "இதில் இருக்கிற எழுத்துப்படியே போடுங்க" என்று சொல்லுங்கள். வயதும் அப்படித்தான். குத்துமதிப்பாக அறுபது என்று சொல்லாதீர்கள்.

2. ஆஸ்பத்திரி தகுதி உள்ளதா என்று கேளுங்கள்

எல்லா ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் கணக்கில் ஆஸ்பத்திரி ஆகாது. பாலிசிகளில் இருக்கிற பொது விளக்கம் இது: மருத்துவமனை என்று அரசிடம் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, அதற்கு மேற்பட்ட ஊரில் 15 படுக்கை, இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸும் டாக்டரும், ஆபரேஷன் செய்தால் முறையான தியேட்டர், தினசரிப் பதிவேடு ஆகியவை இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியே ஐந்து லட்சத்தை எட்டவில்லை. ஆகவே நம் பக்கத்தில் பத்துப் படுக்கை என்பதுதான் அளவு.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் பதிவு செய்துகொள்ள 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவுச் சான்றிதழை வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கிளைம் ஃபாரத்தில் அந்த எண் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து, நெட்வொர்க்கில் (கம்பெனியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பட்டியலில்) இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் அறிவித்திருக்கின்றன. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியும் சம்மதிக்க வேண்டும். சிறிய இடங்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. ஆனாலும் கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

3. கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், எண்ணை வாங்குங்கள்

பணம் நாம்தானே கட்டுகிறோம், எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தப்பு. திட்டமிட்டது என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்த்து 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்கச் சொல்வது வழக்கம். உங்கள் பாலிசியில் உள்ள கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டிக் கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டாமே.

போனில் சொன்னால் கிளைம் தகவல் எண் ஒன்று தருவார்கள். அதைப் பாலிசி அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். ஈமெயிலும் ஒன்று போட்டுவிடுங்கள்: நோயாளி பெயர், பாலிசி எண், ஆஸ்பத்திரி பெயர், சேர்ந்த தேதி, நேரம், என்ன காரணம். நான்கு வரி போதும். பிறகு யாராவது "தகவலே இல்லையே" என்றால் இதுதான் சாட்சி.

4. அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஒருவரும் எச்சரிக்காத, அதிகப் பணம் போகிற இடம் இது. பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்த அறை 2,500. நான்கு நாள். "ஐந்நூறு வீதம் இரண்டாயிரம் கையை விட்டுப் போகும், போகட்டும்" என்று நினைப்பீர்கள்.

கம்பெனி கணக்கு வேறு. 2,500 ரூபாய் அறைக்கு வரம்பு 2,000 என்றால் 80 சதவீதம். அதே 80 சதவீதத்தை நர்சிங், டாக்டர் விசிட், தியேட்டர், சர்ஜன், மயக்க டாக்டர் கட்டணங்களுக்கும் போடுவார்கள். அவை எல்லாம் சேர்ந்து 40,000 என்றால் அதில் 8,000 வெட்டு. அறையில் 2,000. மொத்தம் 10,000 ரூபாய் போய்விட்டது.

இதில் இரண்டு காப்பு உண்டு, 2020ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதி அது. மருந்து, ஊசி போன்ற பொருள்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியூ கட்டணம் இவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. அப்புறம், அறைக்கு ஏற்றபடி டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் மாறாத ஆஸ்பத்திரியில் விகித வெட்டே கூடாது. நம் பக்கத்துச் சிறிய நர்சிங் ஹோம்களில் ஜெனரல் வார்டானாலும் ஏசி அறையானாலும் சர்ஜன் ஃபீஸ் ஒன்றாகவே இருப்பது உண்டு. அப்படியென்றால், 'எந்த அறை எடுத்தாலும் மற்ற கட்டணங்கள் மாறாது' என்று ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டு விழுந்தால் அந்தக் கடிதம்தான் உங்கள் பக்கம் பேசும். ஆனால் உண்மையிலேயே மாறாது என்றால் மட்டும் கேளுங்கள்.

எஸ்டிமேட் வாங்கும்போது நாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். தேதிக்கு ஒரு நாளா, சேர்ந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரமா? பின்னால் பில்லைச் சரிபார்க்க இது தெரிந்திருக்க வேண்டும்.

5. பில் வேறு, ரசீது வேறு, சீட்டு வேறு

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பையைத் தூக்கி வைத்து "எல்லாம் இதுல இருக்கு அண்ணாச்சி" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு வகை முழுவதுமாக இருக்காது.

எதற்கு எவ்வளவு என்று சொல்வது பில். நீங்கள் அந்தப் பணத்தைக் கட்டினீர்கள் என்பதற்குச் சாட்சி ரசீது. அந்த மருந்தோ பரிசோதனையோ டாக்டர் சொல்லித்தான் நடந்தது என்பதற்குச் சாட்சி சீட்டு. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஒரு செலவு முழுமையாகும். ஸ்கேன் பில் இருந்து சீட்டு இல்லையென்றால் நீங்களாகப் போய் எடுத்ததாக ஆகிவிடும். பில் இருந்து ரசீது இல்லையென்றால் கட்டினீர்களா என்றே தெரியாது.

அட்வான்ஸ் ரசீதில் கூடுதல் கவனம் வேண்டும். சேரும்போது 30,000, ஆபரேஷன் அன்று 20,000 என்று கட்டுவீர்கள். கடைசி பில் போடும்போது சில கவுண்டர்களில் அந்தப் பழைய ரசீதுகளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, மீதித் தொகைக்கு மட்டும் ஒரு ரசீது தருவார்கள். அவர்கள் கணக்குக்கு அது சரி. உங்களிடம் 72,000 ரூபாய் பில்லும் 22,000 ரூபாய் ரசீதும்தான் மிஞ்சும். ஒன்று, பழைய ரசீதுகளைக் கொடுக்காதீர்கள். இல்லையென்றால் முழுத் தொகைக்கும் ஒரே ரசீதாக, பில் எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். எதற்கும் முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை யுபிஐ, கார்டு, வங்கி வழியாகக் கட்டுங்கள். கட்டியதற்கு இரண்டாவது சாட்சி கிடைக்கும். ஒரே சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் ஆஸ்பத்திரியை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நகையை வைத்துப் பணம் கொண்டுவருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கடைசி நேரத் தவிப்பு இருக்காது.

6. பில்லை வரி வரியாகப் படியுங்கள்

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் சாயங்காலமே, அதுவரை ஆன பில்லைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் வாசலில் கார் நிற்கும், நோயாளி உட்கார முடியாமல் தவிப்பார், யாருக்கும் படிக்கப் பொறுமை இருக்காது.

பல சிறிய இடங்களில் 'ஆபரேஷன் பேக்கேஜ்' என்று ஒரே வரியில் ஒரு தொகை எழுதித் தருவார்கள். அதை வைத்து கிளைம் போட்டால் பிரித்துத் தரும்படி கடிதம் வரும். "ஐட்டம் வாரியா பிரிச்சு ஒரு பில் வேணும் சார், கம்பெனியில கேப்பாங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். பிரித்த பில் கேட்பது நோயாளியின் உரிமை. மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்ற நோயாளி உரிமைப் பட்டயத்தில் அது இருக்கிறது. ஆனால் கவுண்டரில் உரிமை பேசுவதைவிடக் காரணம் சொல்வது வேகமாக நடக்கும்.

ஒரு மாதிரி பில். குடல்வால் ஆபரேஷன், 10ஆம் தேதி இரவு 9 மணிக்குச் சேர்ந்து 13ஆம் தேதி பகல் 12 மணிக்கு டிஸ்சார்ஜ்:

பதிவுக் கட்டணம்: 300
அறை வாடகை, 4 நாள் × 2,500: 10,000
நர்சிங், 4 நாள் × 500: 2,000
டாக்டர் விசிட், 8 × 400: 3,200
தியேட்டர்: 9,000
சர்ஜன்: 22,000
மயக்க டாக்டர்: 7,000
லேப், ஸ்கேன்: 5,550
மருந்து: 13,640
மொத்தம்: 72,690

முதலில் கூட்டிப் பாருங்கள். கையால் எழுதிய பில்லில் கூட்டல் பிழை சகஜம்.

அடுத்து நாட்கள். இரவு சேர்ந்து பகலில் போனதை நான்கு நாள் என்று போட்டிருக்கிறார்கள். தேதிக் கணக்கு என்றால் சரி, மணிக்கணக்கு என்றால் மூன்று நாள்தான். முன்பே கேட்டு வைத்தது இங்கே உதவும்.

எட்டு விசிட் எப்படி வந்தது? பத்தாம் தேதி இரவு ஒன்று, அடுத்த இரண்டு நாளும் இரண்டிரண்டு, பதின்மூன்று காலை ஒன்று. ஆறுதான் வருகிறது. ஆபரேஷன் செய்த சர்ஜன் பின்னால் வந்து பார்த்ததை அவர் ஃபீஸிலேயே சேர்ப்பதும் உண்டு. கோபப்படாமல் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் (ஆஸ்பத்திரி வைத்திருக்கும் உங்கள் சிகிச்சைப் பதிவில்) எத்தனை விசிட் எழுதியிருக்கிறது என்று பார்த்துத் திருத்திவிடுவார்கள், அல்லது வேறு டாக்டர் வந்ததைச் சொல்வார்கள். வேறு டாக்டர் என்றால் பில்லில் அவர் பெயர் தனியாக வரட்டும்.

சர்ஜன், மயக்க டாக்டர் வரிகள் பில்லுக்குள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். சின்ன ஊர்களில் இருவரும் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆபரேஷன் முடித்துப் போவார்கள். அவர்கள் பணத்தைத் தனியே கையில் கொடுக்கச் சொல்வது உண்டு. அப்படிக் கொடுத்த பணம் பில்லில் ஏறவில்லை என்றால் அதை வாங்குவது கஷ்டம். ஆஸ்பத்திரி பில்லிலேயே சேர்த்து வாங்குவதுதான் நல்லது. முடியாது என்றால், அந்த டாக்டரின் லெட்டர்பேடில், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், ரசீது எண், தேதி, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்க ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஐசியூ அல்லாத அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் மட்டும் 5 சதவீதம் உண்டு, 2022 ஜூலை 18 முதல். இந்த மாதிரி பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி வந்தால் எதற்கு என்று கேட்க வேண்டும்.

பதிவுக் கட்டணம் 300ஐ கம்பெனி தனியாகத் தராது. அதை மற்ற சிகிச்சைச் செலவுக்குள் அடங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஃபைல் சார்ஜ், ஏசி சார்ஜ் போன்றவை அறை வாடகைக்குள் அடக்கம். அவற்றுக்காகச் சண்டை போட வேண்டாம்.

கடைசியாக பில்லின் தோற்றம். வரிசை எண், தேதி, ஆஸ்பத்திரி முகவரி, பதிவு எண், சீல், கையெழுத்து. ஒயிட்னர் பூசித் திருத்திய பில்லை வாங்கவே வாங்காதீர்கள். புதிதாக எழுதச் சொல்லுங்கள், அல்லது அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்தும் சீலும் வேண்டும்.

7. மருந்து பில்களைத் தனியாக அடுக்குங்கள்

நேரம் அதிகம் தின்பது இது. ஆனால் மாதிரி பில்லில் பார்த்தீர்களே, மருந்து மட்டும் பதின்மூவாயிரத்துக்கு மேல். உள்ளே இருக்கிற மெடிக்கலில் நர்ஸ் சீட்டு எழுத எழுத வாங்கி வந்திருப்பீர்கள். ஒவ்வொரு பில்லுக்கும் அதன் சீட்டைச் சேர்த்துப் பின் அடித்து, தேதி வாரியாக அடுக்குங்கள். மெடிக்கலில் சீட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டால் அங்கேயே ஒரு ஜெராக்ஸ் கேளுங்கள்.

பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எண்ணிக்கை, கடையின் மருந்து உரிம எண் இருக்க வேண்டும். 'மருந்து வகை 2,300' என்று மொத்தமாக எழுதிய துண்டுச் சீட்டு எதற்கும் ஆகாது. அட்டையில் அச்சிட்ட விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் ஜிஎஸ்டி கூட்டக் கூடாது.

மிஞ்சிய மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் ரிட்டன் பில் தருவார்கள். அதையும் கிளைமோடு வையுங்கள். கேட்கிற தொகையில் அதைக் கழித்தே கேளுங்கள். மறைத்து, பிறகு தெரிந்தால் மற்ற தாள்கள்மீதும் சந்தேகம் வரும்.

கம்பெனிகள் தராத பொருள்களுக்கு ஆணையத்தின் பட்டியல் ஒன்று உண்டு, 68 ஐட்டம். டயாப்பர், மாஸ்க், தெர்மாமீட்டர், நெபுலைசர் கிட், கூட இருப்பவரின் சாப்பாடு, சான்றிதழ் கட்டணம் எல்லாம் அதில் வரும். சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டி இவற்றையும் சேர்த்திருப்பார்கள். அதே பட்டியலில் 'விவரம் இல்லாத கிட்' என்றும் ஒன்று இருக்கிறது. 'ஆபரேஷன் கிட் 3,800' என்று ஒரே வரியில் இருந்தால் அப்படியே வெட்டிவிடுவார்கள். அதற்குள் என்னென்ன இருந்தது, எது எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தையல் நூல், ஊசி, டிரிப் செட் போன்றவை தனியாக வந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கண்ணில் வைத்த லென்ஸ், எலும்பில் வைத்த பிளேட், இதயத்து ஸ்டென்ட், மூட்டு என்று எது வைத்தாலும் அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வேண்டும். தியேட்டரில் அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிட்டுப் பெட்டியை வீசிவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லி வைத்தால் கூடுதல் ஸ்டிக்கரை எடுத்து வைப்பார்கள். ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்தும் முழங்கால் மூட்டுக்கு அதே வருடம் ஆகஸ்ட்டிலிருந்தும் அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. பில்லில் அதன் விலை தனி வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பளபளவென்ற தாளில் மிஷின் அடிக்கும் பில்கள் வெயிலிலும் வண்டி டேங்க் கவரிலும் கிடந்தால் எழுத்து மங்கிப்போகும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அதோடு சேர்த்துப் பின் அடியுங்கள்.

8. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்தாகும் முன் வாசியுங்கள்

என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தரும் சுருக்கம் இது. கம்பெனியில் உள்ள டாக்டர் முதலில் எடுப்பது பில்லை அல்ல, இதைத்தான். பெயர், வயது, ஐபி (உள்நோயாளி) எண், சேர்ந்த தேதி நேரம், போன தேதி நேரம் எல்லாம் பில்லோடு ஒத்துப்போக வேண்டும். சாதாரண சிகிச்சைக்கு 24 மணி நேரம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. கண்புரை போல ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. நேரத்தைத் தப்பாக எழுதி 22 மணி நேரம் என்று வந்துவிட்டால் வீண் தொல்லை.

இடது வலது மாறியிருக்கிறதா பாருங்கள். செய்த ஆபரேஷனின் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா பாருங்கள். ஸ்கேன் எடுத்ததாக பில் இருந்தால் சம்மரியில் அதன் முடிவு ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

அப்புறம் பழைய நோய் பற்றிய வரி. சேர்க்கும்போது டூட்டி டாக்டர், "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்பார். பதற்றத்தில் கூட நிற்கிற மருமகன், "அது ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்பார். சம்மரியில் அது அப்படியே ஏறும். பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகியிருக்கும், அப்போது சுகர் பற்றிச் சொல்லவில்லை என்றால் மறைத்ததாகக் கேள்வி வரும். தெரிந்ததைச் சரியாகச் சொல்லுங்கள், தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். தவறாக ஏறியிருந்தால் பழைய சீட்டுகளைக் காட்டித் திருத்தக் கேளுங்கள். உண்மையை மாற்றி எழுதும்படி டாக்டரைக் கேட்க வேண்டாம். அது அவருக்கும் உங்களுக்கும் ஆபத்து.

நான்குவழிச்சாலையில் வண்டி விழுந்து சேர்த்தது போன்ற விபத்து என்றால் ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) வேண்டும். போலீசுக்குப் போயிருந்தால் எஃப்ஐஆர் நகலும். எப்படி விழுந்தார் என்பது இந்தத் தாள்களிலும் சம்மரியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

9. டிஸ்சார்ஜ் அன்று எந்த வரிசையில் நகர வேண்டும்

முதலில் மெடிக்கலுக்குப் போய் மிஞ்சிய மருந்தைக் கொடுத்து ரிட்டன் பில் வாங்குங்கள். அது முடியாமல் கடைசி பில் போட முடியாது. அடுத்து லேப், எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகள், ஃபிலிம்கள். வெளி ஸ்கேன் சென்டரில் எடுத்தது என்றால் அந்த பில்லும் சீட்டும். பிறகு சம்மரியை வாசித்துத் திருத்தம் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் கடைசி பில், பணம், ரசீது. பணம் கட்டின பிறகு திருத்தம் கேட்டால் உங்களைக் கவனிக்க அங்கே ஆள் இருக்காது என்பதால்தான் இந்த வரிசை.

கிளம்பும் முன் கிளைம் ஃபாரத்தின் 'பி' பகுதியைக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி நிரப்ப வேண்டியது அது. அதன் கடைசியில் நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரிக்கென்றே ஒரு பெட்டி உண்டு: முகவரி, பதிவு எண், பான் எண், படுக்கை எண்ணிக்கை, தியேட்டர், ஐசியூ உண்டா இல்லையா. இன்சூரன்ஸ் பழக்கம் இல்லாத இடங்களில் இதை வெறுமையாக விட்டுவிட்டுச் சீல் மட்டும் குத்தித் தருவார்கள். கிளைம் திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். வாங்கிய இடத்திலேயே புரட்டிப் பாருங்கள்.

கேஸ் ஷீட் நகல் உடனே தேவைப்படாது. பின்னால் கம்பெனி கேட்டால் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன.

10. கிளைமை அனுப்புங்கள்

பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். 'ஏ' பகுதி நீங்கள் நிரப்புவது. அதில் ஒவ்வொரு பில்லையும் எண், தேதி, தொகை என்று வரிசையாக எழுதும் அட்டவணை இருக்கிறது. அதன் கூட்டுத் தொகையும், நீங்கள் கேட்கும் தொகையும், ரசீதுகளின் கூட்டலும் ஒன்றாக வரும்வரை உறையை ஒட்டாதீர்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகனின் குரூப் பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கே பாலிசிக்கு உரிய முதன்மைக் காப்பீடுதாரர் மகன். ஃபாரத்தில் அவர் பெயர், அவர் ஊழியர் எண், அவர் கையெழுத்து, அவர் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. அப்பாவின் பாஸ்புக்கை வைத்து அனுப்பிப் பணம் ஏறாமல் நிற்கிற கிளைம்களைப் பார்க்கிறேன். கேட்கும் தொகை ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் ஆதார், பான் நகல்களும் சேர்க்க வேண்டும்.

அசலை அனுப்பும் முன் எல்லாத் தாளையும் வரிசையாக ஸ்கேன் செய்து வையுங்கள். இப்போது பல கம்பெனிகள் செயலியிலேயே ஏற்றச் சொல்கின்றன. அப்போதும் அசலைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்பார்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட், ரசீது பத்திரம்.

சேர்வதற்கு முன் அதே நோய்க்காகப் பார்த்த ஓபி சீட்டு, ஸ்கேன் பில்களையும் இதோடு வையுங்கள். பல பாலிசிகளில் 30 நாள் முன்பு வரை உண்டு. பின்னால் வரும் மருந்து, கட்டு மாற்றுதல், பிசியோதெரபி பில்கள் 60 நாள் வரை உண்டு. அவற்றுக்காக முதல் கிளைமை நிறுத்தி வைக்க வேண்டாம். அந்தக் காலம் முடிந்ததும் அதே கிளைம் எண்ணைக் குறிப்பிட்டுத் தனியாக அனுப்புங்கள், பொதுவாக 15 நாளுக்குள்.

இரண்டு பாலிசி இருந்தால் முதலாவதில் அசலைக் கொடுங்கள். அவர்கள் தந்தது போக மீதியை இரண்டாவதில், எவ்வளவு தந்தார்கள், எதை வெட்டினார்கள் என்று சொல்லும் செட்டில்மென்ட் கடிதமும் சான்றொப்பமிட்ட நகல்களும் வைத்துக் கேட்கலாம்.

11. கேள்விக் கடிதம் வந்தால், வெட்டு விழுந்தால்

கேள்விக் கடிதம் நிராகரிப்பு அல்ல. அதைப் பார்த்தவுடன் மனம் விட்டுக் கிளைமையே கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டதை எண் போட்டு, அதே வரிசையில் பதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய தாளை வையுங்கள். கேட்காத தாளை அள்ளிப் போடாதீர்கள். அதிலிருந்து புதுக் கேள்வி முளைக்கும்.

பணம் வந்ததும் செட்டில்மென்ட் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் அதில் இருக்கும். 68 ஐட்டத்தில் வந்தது, பாலிசியில் உள்ள பங்கு என்றால் விடுங்கள். மருந்திலும் பரிசோதனையிலும் அறை விகித வெட்டு போட்டிருந்தால் எழுதிக் கேளுங்கள். 'சீட்டு இல்லை' என்று வெட்டியிருந்தால் சீட்டைத் தேடி அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தும் ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்தில் பதியலாம், 155255க்கு அழைக்கலாம். அதற்கு மேல் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். புகாரோடு வைக்க வேண்டியவை பாலிசி, சம்மரி, பில், ரசீதுகள், செட்டில்மென்ட் கடிதம், நீங்கள் எழுதிய கடிதங்களின் நகல்.